கண்டிஷன் மோசமென்றால் குரலா, மோர்ஸா?

சீக்யூ வேர்ல்ட் வைட், உலகெங்கும் உள்ள அமெச்சூர் வானொலிக்காரர்கள் ஒருவரையொருவர் தொடர்புகொண்டு புள்ளி சேர்க்கும் போட்டி, வருடத்துக்கு இரண்டு முறை வரும். ஒக்டோபர் கடைசி முழு வார இறுதியில் குரல், நவம்பரில் மோர்ஸ் குறியீடு. இரண்டுமே 48 மணி நேரம், இலங்கையில் நமக்குச் சனி காலை 5:30க்குத் தொடங்கும். இரண்டுக்கும் வீட்டில் அனுமதி கிடைக்கிறவர்கள் இதை வாசிக்கவே தேவையில்லை. எனக்கு ஒன்றுதான் கிடைக்கும், நான் மோர்ஸ் பக்கம் போய்விட்டேன்.

குரலில் இருக்கும் வசதி தெரிந்ததுதான்: மைக்கைப் பிடித்தால் போதும், எதையும் பயில வேண்டாம். பேண்ட் (அலைவரிசை) நன்றாகத் திறந்து தூரத்துச் சிக்னல் வரும் வருடத்தில் 4எஸ்7 என்ற இலங்கை அழைப்புக்குறியைக் கேட்டாலே கூட்டம் கூடும், அந்தச் சுகமே தனி.

ஆனால் கண்டிஷன், அதாவது சிக்னல் தூரம் போகும் நிலைமை, கெட்டால் கதை வேறு. வெள்ளவத்தைத் தொடர்மாடியில் 100 வாட்டும் மேல்தட்டில் இழுத்துக் கட்டிய 20 மீட்டர் கம்பி அன்டெனாவும்தான் என் நிலையம். சுற்றிலும் எல்இடி பல்பு, சார்ஜர், லிஃப்ட் மோட்டார், இப்போது சோலார் இன்வேர்ட்டரும் சேர்ந்துகொண்டது. குரலுக்கு ஏறக்குறைய 2,400 ஹெர்ட்ஸ் அகலம் திறந்து வைக்க வேண்டும், அவ்வளவு இரைச்சலும் உள்ளே வரும். மோர்ஸுக்கு 250 ஹெர்ட்ஸ் ஃபில்டர் போட்டால் இரைச்சல் பத்தில் ஒன்றாகிவிடும், அதாவது 10 டெசிபல் லாபம். எதிர்முனையில் இருப்பவரும் அப்படியே கேட்டால் என் 100 வாட் குரலில் 1,000 வாட் செய்யும் வேலையைச் செய்கிறது. காசு கொடுத்து ஆம்ப்ளிஃபயர் வாங்கி அதை எங்கே வைப்பது, பக்கத்து வீட்டு டிவிக்கு யார் பதில் சொல்வது!

இன்னொன்று, மோர்ஸில் நான் சீக்யூ (யாராவது பதில் தாருங்கள் என்ற பொது அழைப்பு) அடித்தால் ரிவர்ஸ் பீக்கன் நெட்வொர்க்கின் ரிசீவர்கள் தானாகவே கேட்டு இணையப் பட்டியலில் போட்டுவிடும். அங்கே பெயர் வந்த கொஞ்ச நேரத்தில் ஆட்கள் தேடி வருவார்கள். குரலில் யாராவது ஒரு மனிதர் கேட்டுப் போட்டால்தான் உண்டு, பலவீனமான சிக்னலுக்கு அந்தச் சிரமத்தை யார் எடுப்பார்கள்?

புவிகாந்தப் புயல் (புயலின் அளவைக் காட்டும் கேபி எண் 5, அதற்கு மேல்) வந்தால் வட அமெரிக்காவுக்குத் துருவத்தை ஒட்டிப் போகும் பாதை முதலில் போய்விடும். அப்புறம் தெற்குப் பக்கம் திரும்புங்கள்: ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா, இந்தோனேசியா எல்லாம் வேறு கண்டம், தலா 3 புள்ளி. இந்தோனேசியா ஓசியானியா கணக்கில் வருகிறது, ஜப்பானோ நம் கண்டமான ஆசியா என்பதால் 1 புள்ளிதான். இது இரண்டு முறைக்கும் பொதுவானது என்றாலும், நலிந்த சிக்னலில் வலயம் 22 (போட்டியில் ஒவ்வொரு தொடர்பிலும் சொல்ல வேண்டிய நம் வலய எண்) என்பதை மட்டும் கடத்த மோர்ஸில் இரண்டு எண் போதும், குரலில் "ட்வென்டி டூ, டூ டூ" என்று கத்தித் தொண்டை கட்டிவிடும்.

மோர்ஸ் எல்லாவற்றையும் காப்பாற்றாது. நடுப்பகலில் பெரிய சூரியச் சுடர் வந்து பேண்டே செத்துப் போனால் இரண்டும் ஒன்றுதான், தூங்கி எழும்பலாம். இரண்டு மாதமும் இடைப்பருவ மழைக்காலம் என்பதால் பின்னேரம் இடி மின்னலுக்கு அன்டெனாவைக் கழற்றத்தான் வேண்டும். கோபுரமும் யாகி என்ற திசை அன்டெனாவும் வைத்துப் பெரிய பவரில் ஓடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு எவ்வளவு பொருந்தும் என்று சொல்ல எனக்கு அனுபவமில்லை, அவர்களுக்குக் குரலே லாபமாக இருக்கலாம்.

மோர்ஸ் தெரியாவிட்டால் இந்த வருடம் குரலிலேயே இறங்குங்கள், ஆனால் ஓர் இடத்தில் உட்கார்ந்து சீக்யூ கூப்பிடாமல் பலமாகக் கேட்கிற நிலையங்களைத் தேடிப் போய் அழையுங்கள், காலையும் மாலையும் வெளிச்சம் மாறும் நேரத்தில் 40 மீட்டர் பேண்டை விட்டுவிடாதீர்கள்.