தென்னங்குழியும் மஞ்சள் பாரும்

நீண்டகால நோக்கம் வேறு, குறுகியகால இலக்கு வேறு. எங்கள் ஈரோட்டுப் பக்கத்துத் தோட்டத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன.

மஞ்சள் 9 மாதப் பயிர். வைகாசியில் நட்டு, மாசியில் வெட்டி, வேகவைத்து, காயவைத்து, மெருகேற்றி மண்டிக்குப் போனால் கையில் காசு. நாள் கணக்கு உண்டு, குவிண்டால் கணக்கு உண்டு. எங்கே தவறினோம் என்பது அந்த வருசமே தெரிந்துவிடும். அதுதான் இலக்கு.

நெட்டைத் தென்னை அப்படியில்லை. 3 அடிக் குழியில் வைத்த பிள்ளை பாளை விடவே 6, 7 வருசம் ஆகும். பிறகு 60 வருசத்துக்குக் குறையாமல் காய்க்கும். அதுதான் நோக்கம். "எனக்கில்ல கண்ணு, உனக்குத்தான்" என்றபடி அப்பாரு (தாத்தா) குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார். 13ஆம் நூற்றாண்டில் வெட்டிய காளிங்கராயன் வாய்க்கால் இன்றும் மஞ்சளுக்குப் பாய்கிறதே, அதுவும் இந்த வகைதான்.

தென்னையை மட்டும் நம்பினால் அந்த 7 வருசம் அடுப்பு எரியாது. அதனால் இளந்தென்னைக்கு நடுவே மஞ்சள் போட்டோம். ஆனால் முதலில் கயிறு பிடித்து 25 அடிக்கு ஒரு முளைக்குச்சி அடித்தது தென்னைக்குத்தான். மஞ்சளுக்குப் பார் (நடுவதற்கான மண்மேடு) பிடித்தது அதற்கப்புறம், முளைக்குச்சிகளை ஒதுக்கிவிட்டு. நோக்கம் முதலில், இலக்கு பிறகு என்ற இந்த வரிசையை மாற்றவே கூடாது என்பேன்.