பூட்டு நாக்கு: பழைய ஸ்டார் டிராக் ரீலுடன் 11 ஆண்டுகள்

கடலில் தூண்டில் போடப் பயன்படும் பழைய ரீல் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் நேற்றுக் கேட்டார். அவர் கேட்ட வேளையில் என்னுடைய ரீல் மேசைமேல் பிரித்துக் கிடந்தது. அதே இடத்தில் மூன்றாவது முறையாகப் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு இரண்டு சொல்லில் கொடுத்த பதிலுக்கு உரிய காரணங்களை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

என்னுடையது 1960களில் செய்யப்பட்ட ஸ்டார் டிராக் ரீல். மீன் இழுக்கும்போது நரம்பைத் தடையோடு வெளியே விடும் உராய்வு அமைப்புதான் டிராக்; அதை இறுக்கவும் தளர்த்தவும் கைப்பிடிக்கு அடியில் உள்ள நட்சத்திர வடிவச் சக்கரம்தான் ஸ்டார். பேக்லைட் என்ற பழைய கெட்டிப் பிளாஸ்டிக்கில் பக்கத்தட்டுகள், நரம்பு சுற்றும் உருளையான ஸ்பூல் குரோம் பூசிய பித்தளை, தூண்டில் நரம்பைத் தானாகப் பரப்பும் அமைப்பு கிடையாது. இந்த வகையை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விவரம் தேவைப்படாது. என்னை 11 ஆண்டுகளாக வருத்துவது இதில் ஒரே ஓர் உறுப்புதான்: ஆங்கிலத்தில் டாக் என்று வழங்கும், கைப்பிடி பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் அந்தச் சிறிய உலோக நாக்கு. இதை நான் பூட்டு நாக்கு என்றே சொல்லிப் பழகிவிட்டேன்.

டிராக்கைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் வாஷர்களைப் பற்றியே பேசுகிறார்கள். ஆனால் மீன் நரம்பை இழுக்கும்போது ஸ்பூலும் பெரிய பற்சக்கரமும் பின்னோக்கிச் சுழல, அந்தப் பற்சக்கரத்தைத் தாங்கும், கைப்பிடி பொருந்திய குழல் போன்ற ஸ்லீவ் மட்டும் அசையாமல் நின்றால்தான் இடையில் அடுக்கிய வாஷர்கள் உரசித் தடை கொடுக்கும். ஸ்லீவை அசையாமல் நிறுத்துவது இந்த நாக்கு ஒன்றுதான். இது பிடிக்காவிட்டால் எவ்வளவு உயர்ந்த வாஷரும் பயன்படாது. மீனின் வேகத்தில் கைப்பிடி பின்னோக்கிச் சுழன்று விரலைப் பதம் பார்க்கும். ஸ்டார் டிராக் வருவதற்கு முன்பு கடல் ரீல்கள் பல அப்படித்தான் இருந்தன. விரல்முட்டிகளை அவை உடைத்த கதைகள் ஏராளம். 1913இல் வில்லியம் பாஷென் கலிபோர்னியாவின் கேட்டலினா தீவுக்கு அப்பால் தூண்டில் கோலில் முதல் வாள்மீனைப் பிடித்தபோது, ஜூலியஸ் வாம் ஹோஃப் செய்த ஸ்டார் டிராக் ரீல்தான் அவர் கையில் இருந்தது. நாக்கு வழுக்கும் கணத்தில் என் ரீல் அதற்கு முந்தைய காலத்துக்குத் திரும்பிவிடுகிறது.

முதல் முறை குற்றம் என்னுடையது. துரு ஏறக்கூடாது என்ற அக்கறையில் கெட்டியான கிரீஸை நாக்கின்மேலும் அப்பிவிட்டேன். அது ஒட்டிக்கொண்டு பற்களில் நேரத்துக்கு விழ மறுத்தது. அந்த இடத்துக்கு மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டுப் போதும் என்பதை அப்போது கற்றேன். இரண்டாம் முறை, நாக்கை அழுத்தும் ஸ்பிரிங் உப்பில் அரித்து வலுவிழந்திருந்தது. மூன்றாவதான இம்முறைதான் மனம் கசந்தது. நரம்பின் தாங்குதிறனில் மூன்றில் ஒரு பங்குக்கு டிராக்கை இறுக்கியிருந்தேன்; அது முறையான அளவே. மீன் ஆழத்தை நோக்கி ஓடியது, கைப்பிடி கையைவிட்டுப் பறந்தது, நடுவிரலின் முட்டியில் அடி விழுந்தது. மீனும் போயிற்று.

பிரித்துப் பார்த்தபோது காரணம் விளங்கியது. ஸ்லீவின் அடியில் உள்ள பற்கள் ஆற்றுக் கூழாங்கல்லைப் போல விளிம்பு மழுங்கிப் பளபளத்தன. நாக்கின் நுனியும் அதற்கு இணையாக உருண்டிருந்தது. பற்கள் எண்ணிக்கையில் குறைவு என்பதால் கைப்பிடி ஒவ்வொரு முறையும் சற்றே பின்னால் வந்து, மோதி, பிறகுதான் பூட்டுகிறது. பல ஆண்டுகள் விழுந்த அந்தச் சிறு அடிகளே மென்மையான உலோகத்தைத் தின்றிருக்கின்றன. இந்த உறுப்பைத் தொடுவதற்கே கைப்பிடி, ஸ்டார், பக்கத்தட்டு, வாஷர் அடுக்கு, பெரிய பற்சக்கரம் ஆகிய எல்லாவற்றையும் கழற்ற வேண்டும் என்பது தனிச் சோதனை.

நியாயமாகப் பேசினால், இவ்வளவு எளிதாகப் பிரித்துப் பூட்டக்கூடிய வேறு ரீல் என்னிடம் இல்லை. ஒரு திருப்புளியும் ஒரு ஸ்பேனரும் போதும். பழைய நார் வாஷர்கள் கரும்பொடியாக உதிர்ந்து, மீன் ஓடத் தொடங்கும்போது வெட்டி வெட்டி நரம்பைக் கொடுத்தன; அவற்றை எடுத்துவிட்டுக் கார்பன் வாஷர்களை மெல்லிய டிராக் கிரீஸ் தடவிப் போட்ட நாளிலிருந்து ஸ்பூல் தயக்கமின்றி வழிவிடுகிறது. நரம்பு ஓடும்போது சத்தமிடும் கிளிக்கர் இரவில் திடீரென ஒலிக்கும்போது இன்றும் நெஞ்சு படபடக்கிறது. பெயர்பெற்ற பழைய ரீல்களுக்கு உதிரி உறுப்புகளும் கிடைக்கின்றன: 1932இல் ஓட்டோ ஹென்சே ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கிய பென் ரீல் நிறுவனம் 1936இல் கொண்டுவந்த செனட்டர் வரிசைக்கு, துருப்பிடிக்காத எஃகில் செய்த ஸ்லீவ்களை மற்றவர்களும் தயாரித்து விற்கிறார்கள்.

பராமரிப்பில் நான் தவறாமல் செய்பவை சில. கடலிலிருந்து வந்ததும் டிராக்கை இறுக்கி, நன்னீரை மெதுவாகத் தெளித்துக் கழுவுகிறேன். குழாய் நீரை வேகமாகப் பீய்ச்சினால் உப்பு உள்ளே போய்விடும். உலர்ந்த பின் டிராக்கை முழுவதும் தளர்த்தியே வைக்கிறேன், இல்லையெனில் வாஷர்கள் அழுந்தி ஒட்டிக்கொள்ளும். பக்கத்தட்டுத் திருகுகளை ஆண்டுக்கு ஒருமுறையாவது கழற்றிக் கிரீஸ் தொட்டுப் போட வேண்டும். திருகின் கழுத்தைச் சுற்றிப் பச்சைக் களிம்பு தெரிந்தால் உள்ளே வேலை தொடங்கிவிட்டது என்று பொருள். பழைய பேக்லைட் ஸ்பூலில் நைலான் நரம்பை இறுக்கிச் சுற்றவே கூடாது. நீண்டு சுருங்கும் நரம்பு அடுக்கடுக்காக அழுத்தி ஸ்பூலைப் பிளந்துவிடும். நைலானுக்கு முந்திய லினன் நூலுக்கு அந்தக் குணம் இல்லை. இன்னொன்று: ஸ்பூலில் உள்ள சுற்றின் விட்டம் பாதியாகக் குறைந்தால், ஸ்டாரைத் தொடாமலேயே நரம்பின் மேல் விழும் இழுவை இரட்டிப்பாகும். பெரிய மீன் தூரம் ஓடும்போது டிராக்கைத் தளர்த்தத்தான் வேண்டும்.

நண்பருக்கு நான் சொன்ன பதில் "வாங்க வேண்டாம்" என்பதே. மேலே புகழ்ந்த அனைத்தும் உண்மை. ஆனாலும், முன்பின் தெரியாத ஒருவர் எத்தனை ஆண்டுகள் எப்படி இழுத்தார் என்பது அந்தப் பற்களில்தான் எழுதியிருக்கும், அதை ரீலைப் பிரிக்காமல் எவராலும் படிக்க முடியாது. விற்பவர் பிரித்துக் காட்டச் சம்மதித்தாலும் என் பதில் இன்று அதுவே. என் ரீலில் எஃகு ஸ்லீவையும் புதிய நாக்கையும் பூட்டியாயிற்று. கைப்பிடியைப் பின்னோக்கித் தள்ளினால் கூர்மையான ஒரு சொடுக்கு ஓசையுடன் நிற்கிறது. நடுவிரல் வலியின்றி மடங்கத் தொடங்கியதும் கடலுக்கு எடுத்துச் செல்வேன்.