லினக்ஸ் ஃபைல் கேஷைப் பார்க்க ஃப்ரீ, விஎம்ஸ்டாட், கேஷ்ஸ்டாட், ஃபின்கோர்: எது எதற்கு?

சர்வர் மெதுவாக ஓடுகிறது, கேஷ் (டிஸ்க்கிலிருந்து படித்த ஃபைல்களை லினக்ஸ் ரேமில் வைத்திருக்கும் இடம்) வேலை செய்கிறதா பார் என்று சொன்னால் முக்கால்வாசிப் பேர் முதலில் அடிப்பது ஃப்ரீ கமாண்டைத்தான். 'பஃப்/கேஷ்' பத்தியில் 20 ஜிபி என்று வந்தால் திருப்தி. ஆனால் அது கேஷின் அளவு மட்டும்தான். உள்ளே கிடப்பது உங்கள் ஆப் திரும்பத் திரும்பக் கேட்கும் டேட்டாவா, இல்லை ராத்திரி ஓடிய பேக்கப் கொட்டிவிட்டுப் போன குப்பையா என்று ஃப்ரீக்குத் தெரியாது. போதாக்குறைக்கு டிஎம்பிஎஃப்எஸ்ஸில் (ரேமிலேயே இயங்கும் ஃபைல் சிஸ்டம்) கிடக்கும் ஃபைல்களும் அதே கணக்கில் வந்துவிடும். ரேம் மிச்சம் இருக்கிறதா என்று 'அவைலபிள்' பத்தியைப் பார்த்துவிட்டு நகருங்கள்.

விஎம்ஸ்டாட் கொஞ்சம் பரவாயில்லை. பின்னால் 1 சேர்த்து ஓடவிட்டால் நொடிக்கு ஒரு வரி வரும் (முதல் வரியை விட்டுவிடுங்கள், அது மெஷின் பூட் ஆனதிலிருந்து எடுத்த சராசரி). ஆப் மும்முரமாக ஃபைல்களைப் படிக்கும்போதும் 'பிஐ' பத்தி (டிஸ்க்கிலிருந்து படிக்கும் அளவு) பூஜ்யத்தை ஒட்டியே நின்றால் எல்லாம் கேஷிலிருந்து போகிறது என்று ஊகிக்கலாம். கேஷையே தொடாமல் நேராக டிஸ்க்கைப் படிக்கும் டைரக்ட் ஐஓவும் பிஐயில் சேரும் என்பதால் அதைப் பயன்படுத்தும் டேட்டாபேஸ் ஓடும் இடத்தில் இந்த ஊகம் சறுக்கும்.

நேரடியான பதில் கேஷ்ஸ்டாட்டிடம் இருக்கிறது. செயல்திறன் ஆய்வு நிபுணர் பிரெண்டன் கிரெக் 2014இல் எஃப்ட்ரேஸை (லினக்ஸின் மையமான கெர்னலில் உள்ள கண்காணிப்பு வசதி) வைத்து எழுதியது, அப்புறம் பிசிசி என்ற கண்காணிப்புக் கருவித் தொகுப்பிலும் வந்தது. ஹிட் (கேஷில் கிடைத்தது), மிஸ் (கேஷில் கிடைக்காதது), ஹிட் சதவீதம் என்று நொடிக்கு நொடி காட்டும். எல்லோரும் சதவீதத்தைத்தான் பார்க்கிறார்கள், நான் மிஸ் பத்தியைத்தான் முதலில் பார்ப்பேன். நொடிக்கு 1 லட்சம் அணுகல் நடக்கும் இடத்தில் 99 சதவீதம் என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் மிச்சம் 1,000 மிஸ். அவை அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருந்தால் நொடிக்கு இருநூறு தேடல்கூடத் தாங்காத சுழலும் ஹார்ட் டிஸ்க் அதில் மூச்சுத் திணறிவிடும்.

கேஷ்ஸ்டாட்டை ஓட்ட ரூட் அனுமதி வேண்டும். கெர்னலின் உள் ஃபங்ஷன்களில் கொக்கி போட்டு எண்ணுவதால், கெர்னலில் அவற்றின் பெயர் மாறினால் பழைய பதிப்பு வேலை செய்யாது. கெர்னலின் மெமரி பகுதியில் ஃபோலியோ என்ற மாற்றங்கள் வந்தபோது அதுதான் நடந்தது. எம்மேப் (ஃபைலை ப்ரோக்ராமின் மெமரியோடு இணைத்துப் படிக்கும் முறை) வழியாகப் படிக்கும் ஹிட்டுகளும் இதன் கண்ணில் படாது.

குறிப்பிட்ட ஒரு ஃபைல் கேஷில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி என்றால் இவ்வளவு பாடு வேண்டாம். யூட்டில்-லினக்ஸ் என்ற அடிப்படைக் கருவித் தொகுப்போடு வரும் ஃபின்கோரிடம் ஃபைல் பெயரைக் கொடுத்தால் எத்தனை பக்கம் (மெமரியின் சிறு துண்டு) ரேமில் இருக்கிறது என்று சொல்லிவிடும். இதே வேலையைச் செய்யும் விஎம்டச்சைத் தனியாக நிறுவ வேண்டும், ஆனால் பார்ப்பதோடு நிற்காமல் ஃபைலை கேஷுக்குள் இழுக்கவும் வெளியே தள்ளவும் செய்யும் என்பதால் சோதனை செய்யும்போது என் ஓட்டு அதற்கே.

இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் வைத்திருப்பவர்கள் ஃப்ரீயில் கேஷைத் தேட வேண்டாம். அதன் சொந்த கேஷான ஆர்க் 'பஃப்/கேஷ்' கணக்கில் வராது, அதைக் காட்டும் ஆர்க்ஸ்டாட்டை ஓட்டுங்கள்.