பொறி பறக்காத வெல்டிங் வகுப்பு

அம்பத்தூர் எஸ்டேட்டுல இருபது வருஷமா வெல்டிங் பட்டறை வெச்சிருக்கேன். அக்கா பையனைப் பக்கத்துல ஒரு பயிற்சி மையத்துல சேர்த்தோம். வி.ஆர். ஹெட்செட், அதாவது கம்ப்யூட்டர் காட்சியை நிஜம் மாதிரி காட்டுற கண்ணாடி, அதை மாட்டி வெல்டிங் கத்துத் தர்றாங்க. வீடியோ கேம்தானேன்னு நினைச்சேன். நானும் ஒரு நாள் மாட்டிப் பார்த்தேன்.

கண்ணு முன்னாடி பிளேட், கையில, வெல்டிங் ராடைப் பிடிக்கிற நிஜ ஹோல்டர் கனத்துல ஒண்ணு. ராடு கரையக் கரைய கையும் இறங்கணுமே, அதைக்கூட அப்படியே கொண்டு வந்திருக்காங்க. முடிச்சதும் ஆர்க் (ராடு நுனிக்கும் பிளேட்டுக்கும் நடுவுல எரியுற மின்பொறி) நீளம், ராடு சாய்வு, கை வேகம்னு தனித்தனி மார்க். வேகத்துல எனக்கு 61, பையனுக்கு 78! "மாமா, கடைசியில அவசரப்படுறீங்க"ன்னான். எங்க மேஸ்திரியும் இதுக்குத்தான் திட்டுவார்.

3.15 மி.மீ. ராடுன்னா ஆர்க் இடைவெளியும் சுமார் 3 மி.மீ.தான். இதைப் பழக்குறதுக்குள்ள என் பட்டறையில கட்டுக்கட்டா ராடு காலியாகும். இங்க ஒரு ராடுகூட வீணாகலை.

ஆனா 24 பசங்களுக்கு நாலே ஹெட்செட். ஏ.சி. வேற ஓடலை. மே மாசம், கண்ணாடிக்குள்ள வேர்த்து ஊத்துது. சூடு, புகை எதுவும் பழகலை. பையன் என் பட்டறைக்கு வந்த முதல் நாள் கழுத்துல ஒரு பொறி விழுந்ததும் ஹோல்டரைப் போட்டுட்டு ஓடினான். வெல்டிங் மேல படியுற கசடு, ஸ்லாக், அதைத் தட்டவும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

சேர்க்கிறவங்க ஹெட்செட்டை எண்ணிப் பார்த்துட்டு ஃபீஸ் கட்டுங்க.