எஸ்நாட், மாஸ்கரேட், ஐபி பூல்: எந்த லைனுக்கு எது?

லினக்ஸ் ஃபயர்வாலில் உள் நெட்வொர்க்கின் 192.168 முகவரிகளைப் பொது ஐபியாக மாற்றி வெளியே அனுப்ப மூன்று வழிகள் உண்டு: நீங்கள் எழுதும் ஐபியாக மாற்றும் எஸ்நாட், லைனில் அப்போதுள்ள ஐபியாக மாற்றும் மாஸ்கரேட், பல ஐபிகளில் ஒன்றாக மாற்றும் ஐபி பூல். மூன்றுமே நாட் (முகவரி மாற்றம்) டேபிளின் போஸ்ட்ரவுட்டிங் செயினில்தான், அதாவது பாக்கெட் வெளியேறும் கடைசிக் கட்டத்தின் விதிப் பட்டியலில்தான், எழுதப்படும். எது பொருந்தும் என்பதைத் தீர்மானிப்பது பெட்டியின் விலை அல்ல, உள்ளே வரும் லைன்.

வேலூரில் சிஎம்சி மருத்துவமனை பக்கம் ஒரு லாட்ஜ், பிபிபிஓஇ (யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் முறை) ஃபைபர் லைன் என்று வைத்துக்கொள்வோம். ஐபி எப்போது வேண்டுமானாலும் மாறும். இங்கே மாஸ்கரேட்தான். இன்டர்ஃபேஸ் பெயரைச் சொன்னால் போதும், அப்போதைய ஐபியை லினக்ஸின் மையமான கெர்னலே எடுத்துக்கொள்ளும். பிபிபிஓஇ-யில் எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1492 பைட் என்பதால், டிசிபி பாக்கெட்டை அதற்குள் அடங்கச் செய்யும் எம்எஸ்எஸ் கிளாம்ப் விதியையும் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் சில தளங்கள் பாதியில் நிற்கும், பழி நாட் மேல் விழும். கிடைத்த ஐபி 100.64-க்கும் 100.127-க்கும் இடைப்பட்டது என்றால் சேவை நிறுவனமே மேலே இன்னொரு நாட் வைத்திருக்கிறது. பிரவுசிங் நடக்கும், வெளியிலிருந்து போர்ட் ஃபார்வர்டு செய்து சிசிடிவி பார்க்க முடியாது.

ஆம்பூர் ஷூ கம்பெனி, ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலை போன்ற இடங்களில் நிலையான ஐபியோடு லீஸ்டு லைன் (தனி வாடகை இணைப்பு) இருந்தால் எஸ்நாட். வங்கியோ வெளிநாட்டு பையரோ குறிப்பிட்ட ஒரு ஐபியை மட்டும் அனுமதித்திருப்பார்கள். இன்டர்ஃபேஸில் நான்கு ஐபி இருந்தால் மாஸ்கரேட் எதை எடுக்கும் என்பது ரூட்டைப் பொறுத்தது. எஸ்நாட்டில் நீங்கள் எழுதியதுதான் போகும். எஸ்நாட் வேகமானது என்பதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். இணைப்பின் முதல் பாக்கெட்டுக்கு மட்டுமே நாட் விதிகள் பார்க்கப்படுகின்றன.

உண்மையான வேறுபாடு இரண்டு லைன் இருக்கும்போதுதான் தெரியும். முதல் லைன் செத்து ரூட் இரண்டாவதுக்கு மாறினால், மாஸ்கரேட் இணைப்புகளை கெர்னல் இன்டர்ஃபேஸ் மாறியதைக் கண்டு அழித்துவிடும். அடுத்த பாக்கெட் புதிய ஐபியோடு கிளம்பும். எஸ்நாட் இணைப்பின் பதிவு அப்படியே கிடக்கும். ஐபி போன் சில நொடிகளுக்கொரு முறை யுடிபி அனுப்பி அந்தப் பதிவைச் சாகவிடாது; பழைய ஐபி முகவரியோடு புது லைனில் போன பாக்கெட்டுக்குப் பதில் வராது. பிரவுசிங் நன்றாக இருக்க, போன் மட்டும் ஊமையாகும். லைனை மாற்றும் ஃபெயில்ஓவர் ஸ்கிரிப்டில் கான்டிராக் (கெர்னலின் இணைப்புப் பட்டியல்) பதிவுகளை அழிக்கும் வரியைக் கட்டாயம் போடுங்கள்.

பூல் பலருக்கும் தேவைப்படாது. ஒரே ஐபிக்கு 1024 முதல் 65535 வரை 64,512 போர்ட்கள், அதுவும் ஒவ்வொரு இலக்கு ஐபி, போர்ட்டுக்கும் தனித்தனியாக. அதற்கு முன்பே கான்டிராக் டேபிள்தான் நிரம்பும், ஏனென்றால் சும்மா கிடக்கும் டிசிபி இணைப்பைக்கூட அது இயல்பாக 4,32,000 நொடி, அதாவது 5 நாள், வைத்திருக்கும். அந்த நேரத்தை 7,440 நொடியாகக் குறைத்தாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். பூல் வைத்தே ஆக வேண்டுமென்றால் விதியில் பெர்சிஸ்டென்ட் (ஒரு கணினிக்கு ஒரே ஐபி) என்று போடுங்கள். இல்லாவிட்டால் ஒரே கணினி ஒவ்வொரு தளத்துக்கும் வெவ்வேறு ஐபியில் போகும், பணம் செலுத்தும் பக்கத்துக்குத் தாவும்போது லாகின் அறுந்துவிடலாம். பூல் ஐபிகளை இன்டர்ஃபேஸிலும் சேர்க்க வேண்டும். 'இந்த ஐபி யாருடையது' என்று ரூட்டர் கேட்கும் ஏஆர்பிக்கு யாரும் பதில் சொல்லாவிட்டால் பாக்கெட் திரும்பாது.

எந்த வழியானாலும், கிளை அலுவலகத்துக்கு ஐபிசெக் விபிஎன் (இணையம் வழியான மறையாக்கப்பட்ட டனல்) இருந்தால் அந்த நெட்வொர்க்குக்குப் போவதை நாட் செய்யாமல் விடும் விதி மேலே வர வேண்டும். கீழே எழுதினால் டனல் ஏறியிருக்கும், பிங் போகாது. பாக்கெட்டைக் கடக்க விடலாமா என்று பார்க்கும் ஃபார்வர்டு செயினில் உள் முகவரியையே எழுதுங்கள். முகவரி மாறுவது அதற்குப் பிறகுதான்.