நான்கு தடமா, நாற்பது கிலோமீட்டர் வேகமா? எங்கள் ஊர் நடுச்சாலைக்கு இரண்டு திட்டங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தாப்பாவுக்கும் தஞ்சோங் மாலிமுக்கும் இடையில் கூட்டரசு சாலை 1 பல சிற்றூர்களை நடுவே பிளந்துகொண்டு போகிறது. அவற்றில் ஒன்று எங்கள் ஊர். சாலைக்குக் கிழக்கே அஞ்சடியோடு (கடைமுன் கூரையிட்ட நடைபாதையோடு) கூடிய பழைய கடைவரிசையும் சந்தையும் மாரியம்மன் கோயிலும் இருக்கின்றன. மேற்கே தமிழ்ப்பள்ளி, கிளினிக், பால்மரமான ரப்பர் போய் எண்ணெய்ப்பனையான செம்பனை வந்த காலத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தை விட்டு வெளியேறியவர்கள் குடிபுகுந்த தாமான் என்னும் வீடமைப்புப் பகுதி ஆகியவை உள்ளன. இன்னமும் தோட்டத்திலேயே வேலை செய்பவர்கள் ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி, செம்மண் பாதையின் கோடியில் குடியிருக்கிறார்கள். ஊருக்குள் அடங்கும் சாலையின் நீளம் ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர்தான். அதை என்ன செய்வது என்பதில் ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறது.

முதல் கட்சி, சாலையை நான்கு தடமாக அகலப்படுத்தி, நடுவில் கான்கிரீட் தடுப்பு எழுப்பி, நடந்து போகிறவர்களுக்கு ஒரு மேம்பாலம் கட்டிக் கொடுக்கலாம் என்கிறது. போகும் வண்டிக்கு ஒன்று, வரும் வண்டிக்கு ஒன்று என இரண்டு தடமே போதும், நடுவில் வலப்புறம் திரும்பக் காத்திருக்கும் வண்டிகளுக்கு மட்டும் ஒரு குறுந்தடம் விடலாம் என்பது இரண்டாவது கட்சியின் வாதம். வேகத்தை மணிக்கு 40 கிலோமீட்டருக்கு இறக்கி, பள்ளி, சந்தை, கிளினிக் ஆகிய மூன்று இடங்களில் நடைபாதையின் உயரத்துக்கே எழுப்பிய பாதசாரிக் கடவைகளை அமைத்து, தோட்டங்களுக்குச் சிறு வேன் விடவேண்டும் என்றும் அக்கட்சி கேட்கிறது. நான் இரண்டாவது பக்கம் சாய்ந்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் முதல் திட்டத்தைக் கேட்பவர்கள் ஒன்றும் அறியாதவர்கள் அல்லர். காலை ஏழேகாலுக்குப் பள்ளி வாசலிலும் இரவுச் சந்தை கூடும் நாளன்று முச்சந்தியிலும் வண்டிகள் தேங்கி நிற்பதை அன்றாடம் பார்த்து அலுத்தவர்கள் அவர்கள்.

நேரத்தை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அகலப்படுத்தச் சொல்லும் வாதம் முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. 1.2 கிலோமீட்டரை 70 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 62 விநாடி ஆகும், 40 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 108 விநாடி ஆகும். ஊரின் குறுக்கே ஓடும் ஒரு வண்டிக்கு மிச்சமாவது 46 விநாடி. நெரிசல் வேளையில் நான்கு தடத்திலும் யாரும் 70-இல் போகப்போவதில்லை என்பதால் அந்த 46 விநாடியும் சாலை வெறிச்சோடிக் கிடக்கும் நேரத்தில்தான் கிடைக்கும். நெரிசலுக்கு உண்மையான காரணம் தடம் போதாமை அன்று. சந்தைக்குள் வலப்புறம் திரும்ப நிற்கும் ஒரே ஒரு கார், எதிர்வரிசை ஓயும் வரை, பின்னால் நேராகப் போகவேண்டிய இருபது வண்டிகளை மறித்துக்கொண்டு நிற்கிறது. அந்தக் காருக்கு ஒதுங்கி நிற்க இடம் கொடுத்தால் மற்றவை நகர்ந்துவிடும். நடுத் தடுப்பு இல்லாத நான்கு தடச் சாலைகளை இதே முறையில் மூன்று தடமாகக் குறைத்த அமெரிக்க ஊர்களில் மொத்த விபத்துகள் 19 முதல் 47 விழுக்காடு வரை குறைந்ததாக அந்நாட்டுக் கூட்டரசு நெடுஞ்சாலை நிர்வாகம் குறிப்பிடுகிறது. அவர்கள் சுருக்கிக்கொண்டிருப்பதை நாம் விரிக்க நினைக்கிறோம்.

எங்கள் ஊரில் சாலையோரமாகப் போகிறவர்களைவிடச் சாலையைக் குறுக்கே கடப்பவர்கள்தான் அதிகம் என்பது இந்த விநாடிக் கணக்கில் வருவதே இல்லை. வீடு ஒரு பக்கமும் அரிசியும் சந்தையும் சாமியும் மறுபக்கமும் இருக்கும் ஊர் இது. சென்ற வாரம் கிளினிக் எதிரில் ஒரு பாட்டி கையில் மருந்துப் பையோடு சாலையோரம் நின்றார். கைகொடுக்கப் போன என்னிடம், "இரு தம்பி, அந்தக் கொலை லோரி போவட்டும்" என்றார். அவர் சொன்னது செம்பனைக் குலை ஏற்றி வந்த லோரியை. அது போன பின்னும் நாங்கள் இருமுறை காலை எடுத்து வைத்து, இருமுறை பின்வாங்கினோம். இப்போதைய சாலையின் அகலம் சுமார் 7 மீட்டர். அவருடைய நடைக்கு ஏழு விநாடி வேண்டும். 70 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அந்த ஏழு விநாடியில் 136 மீட்டரைக் கடந்துவிடும். கிளினிக்கிலிருந்து பார்த்தால் வளைவு அதற்குள்ளாகவே வந்துவிடுகிறது. ஆகவே அவர் காலை எடுத்து வைக்கும்போது, தம்மை இடிக்கக்கூடிய வண்டி அவர் கண்ணிலேயே பட்டிருக்காது.

இதே இடத்தில் வேகத்தை 40 ஆக்கினால் என்ன மாறும்? உலர்ந்த சாலையில், ஓட்டுநர் ஒரு விநாடியில் சுதாரித்துப் பிரேக் பிடித்தால், 40-இல் வந்த கார் சுமார் 20 மீட்டரில் நின்றுவிடும். 70-இல் வந்த கார் அந்த 20 மீட்டரில் அப்போதுதான் பிரேக் பிடிக்கத் தொடங்கியிருக்கும், நிற்க மேலும் ஒரு 26 மீட்டர் தேவைப்படும். சராசரி வேகம் 1 விழுக்காடு கூடினால் உயிர்ச்சேத விபத்துக்கான அபாயம் 4 விழுக்காடு கூடுகிறது என்றும், காரின் முன்புறம் மோதப்படும் பாதசாரி இறக்கும் அபாயம் 50-இலிருந்து 65 கிலோமீட்டருக்குப் போகும்போது நான்கரை மடங்காகிறது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது.

நடுத் தடுப்பு வந்தால் பாதிச் சாலையைக் கடந்து நின்று, பிறகு மீதியைக் கடக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். தடுப்பில் ஆள் நிற்க இடமும் வழியும் விட்டால் அது உதவும். ஆனால் முன்வைக்கப்படுவது தொடர்ச்சியான கான்கிரீட் தடுப்பு. அப்படியே இடைவெளி விட்டாலும் ஒரே திசையில் இரண்டு தடம் இருப்பதில் வேறோர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஓரத் தடத்தில் வரும் லோரி இரக்கப்பட்டு நிற்கும், பாட்டி அதன் முன்னால் நடப்பார், லோரியின் மறைவில் உள்தடத்தில் வரும் கார் அவரைப் பார்க்காது, அவரும் காரைப் பார்க்கமாட்டார். ஒருவர் காட்டும் மரியாதையே இன்னொருவர் கண்ணை மறைக்கும் திரையாகிவிடுகிறது. திசைக்கு ஒரே தடம் உள்ள சாலையில் முன்வண்டி நின்றால் பின்வண்டியும் நின்றாக வேண்டும்.

மேம்பாலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உயரமான லோரிகள் அடியில் நுழைய வேண்டுமானால் பாலம் 5 மீட்டருக்கு மேல் இருக்கவேண்டும். அதாவது ஏற முப்பது படி, இறங்க முப்பது படி. முட்டிவலிக்கு மருந்து வாங்க வந்தவரை அறுபது படி ஏறி இறங்கச் சொல்வதை வசதி என்று எப்படிச் சொல்வது?

மோட்டார் சைக்கிளுக்கு வருவோம், ஏனென்றால் எங்கள் ஊரின் உண்மையான வாகனம் அதுதான். மலேசியச் சாலைகளில் 2023-இல் 6,443 பேர் இறந்தார்கள். ஆண்டுதோறும் இறப்பவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970-களிலேயே தனி மோட்டார் சைக்கிள் தடம் போட்ட நாடு இது. ஷா ஆலாம் பகுதியில் அத்தடம் நீட்டிக்கப்பட்ட பின் மோட்டார் சைக்கிள் விபத்துகள் 39 விழுக்காடு குறைந்ததாக ஆய்வே உண்டு. எனவே இடம் அகலமானால் மோட்டார் ஓட்டுநருக்கு நல்லது என்று முதல் கட்சி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதி என்னவென்றால், அந்தப் பலன் பிரித்துக் கொடுத்த தடத்தால் வந்தது, அகலத்தால் வந்ததன்று. எங்கள் ஊர்த் திட்டத்தில் தனித்தடம் இல்லை, இருப்பது கான்கிரீட் தடுப்பு மட்டுமே. தாமானிலிருந்து எதிர்க்கடைக்கு இரண்டு கிலோ கோதுமை மாவு வாங்கப் புறப்படும் பையன், ஊர்க்கோடி வரை போய் யூ திருப்பம் எடுத்து வருவான் என்று எந்த வரைபடம் நம்பினாலும் நான் நம்பமாட்டேன். தடுப்பை ஒட்டி எதிர்த்திசையில் வருவான். அப்படி வருவதை அண்டை ஊர்களில் நாள்தோறும் பார்க்கிறோம்.

பஸ் விஷயத்தைத் தனியே பேசுவது வழக்கம், அது தவறு. பஸ்ஸில் போய்த் திரும்புகிறவர் போகும்போதோ வரும்போதோ ஒருமுறை சாலையைக் கடந்தே தீர வேண்டும், ஏனென்றால் போகும் பஸ் ஒரு பக்கமும் வரும் பஸ் மறுபக்கமும் நிற்கிறது. கடக்க முடியாத சாலையில் எத்தனை பஸ் விட்டாலும் பாதிப் பயணத்துக்குத்தான் பயன்படும். பஸ்ஸில் ஆளில்லை என்று நடையைக் குறைப்பார்கள். நடை குறைந்ததால் ஆள் குறையும். கடைசியில் "எல்லாரும் கார் வாங்கிவிட்டார்கள்" என்பார்கள். 1985-இல் புரோட்டோன் சாகாவும் 1994-இல் கஞ்சிலும் என உள்நாட்டுக் கார்கள் வந்தபோது சொந்த வண்டி என்பது தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு விடுதலையாகவே இருந்தது. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் இன்று, 2023 இறுதிக்குள் நாட்டில் பதிவான வாகனங்கள் 3 கோடியே 60 லட்சத்தைத் தாண்டி, ஓடாதவற்றையும் சேர்த்து, மக்கள் தொகையையே மிஞ்சிவிட்ட நிலையில், ஒரு வீட்டில் மூன்றாவது வண்டி வாங்குவது விருப்பத்தால் அன்று, வேறு வழியில்லாததால். தலைநகர் வட்டாரத்தில் மாதம் 50 ரிங்கிட் பாஸில் ரேபிட் கேஎல் நிறுவனத்தின் ரயிலும் பஸ்ஸும் அளவில்லாமல் ஏறலாம். இங்கே ஓட்டத் தெரியாத பெண்ணும் பதினாறு வயது ஆகாத மாணவனும் யாராவது ஏற்றிச் செல்வார்களா என்று காத்திருக்கிறார்கள். செம்மண் பாதை முனைக்குப் பெரிய பஸ் வராது என்பதால்தான் சிறு வேன் கேட்கப்படுகிறது.

கடைக்காரர்களின் கவலை வண்டி நிறுத்தும் இடம். இரண்டாவது திட்டத்தில் குறுந்தடத்துக்கும் கடவைகளுக்கும் இடம் விட்டால் சில இடங்கள் போகும் என்பது மெய். ஆனால் ஒரு கார் அடைக்கும் இடத்தில் ஐந்தாறு மோட்டார் சைக்கிள்கள் நிற்கும். சாலையை நான்கு தடமாக்கினாலோ கடைமுன் நிறுத்த இடமே மிஞ்சாது.

மூன்றாவதாக, ஊரைச் சுற்றிப் புறவழிச் சாலை போடலாம் என்பவர்களும் உண்டு. அதைப் போட்டு முடித்தாகிவிட்டது. 1994-இல் முழுவதும் திறக்கப்பட்ட வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை நம் ஊர்களுக்கெல்லாம் புறவழிச் சாலைதான். அதை விட்டுப் பழைய சாலையில் நெடுந்தூரம் போகும் வண்டிகளில் பல டோல் மிச்சம் பிடிக்கவே இப்படி வருகின்றன. அவற்றுக்காக ஊருக்குள் இன்னொரு நெடுஞ்சாலை கட்டுவது விந்தையான கணக்கு.

இரண்டாவது திட்டத்துக்கும் குறையுண்டு. 40 என்று பலகை நட்டுவிட்டுப் போனால் ஒருவரும் மதிக்கமாட்டார்கள். சாலையின் வடிவமே வேகத்தை அடக்க வேண்டும். உயர்த்திய கடவைகளில் காலி லோரிகள் தடதடவென்று ஏறி இறங்கும் சத்தம் இரவில் பக்கத்து வீட்டுக்காரர்களைத் தூங்கவிடாது, ஆம்புலன்ஸும் தயங்கித்தான் ஏறும். ஏற்றச் சரிவைச் சற்று நீட்டிக் கட்டினால் இரண்டும் ஓரளவு குறையும். வேனுக்கு ஆண்டுதோறும் பணம் வேண்டும், கான்கிரீட் போல ஒருமுறை கொட்டிவிட்டு மறந்துவிட முடியாது. மேலும் இது கூட்டரசு சாலை. கடைத்தெருவும் அஞ்சடியும் ஊராட்சியின் கையில், தார்ச்சாலையோ பொதுப்பணித் துறையின் கையில் என்பதால் இரண்டு மேசைகளில் கையெழுத்து வாங்கவேண்டியிருக்கும்.

ஆகவே பள்ளி எதிரில் ஒரே ஒரு கடவையை, வெள்ளைச் சாயமும் பிளாஸ்டிக் கம்பங்களும் கொண்டு, ஒரு பள்ளித் தவணைக்கு மட்டும் அமைத்துப் பார்க்கலாம் என்பது என் யோசனை. நெரிசல் கூடினால் கம்பங்களை ஒரு காலையில் பிடுங்கிவிடலாம். ஆனால் அதற்கு முன்பு, இப்போது பள்ளியைத் தாண்டி வளைவுக்குள் இருக்கும் பஸ் நிறுத்தத்தை நாற்பது அடி இந்தப் பக்கம், கடவையை ஒட்டிக் கொண்டுவர வேண்டும். பிள்ளைகள் இறங்கும் இடம் ஒன்றும் கடக்கும் இடம் வேறொன்றுமாக இருந்தால், அவர்கள் இறங்கிய இடத்திலேயேதான் கடப்பார்கள்.