நானுஓயா ஈரத்தில் ஏழு ஆண்டுகள்: கையால் செய்யும் சிறு அல்பங்கள்

இலங்கை மலையகத்தில், கடல் மட்டத்திலிருந்து 1,600 மீற்றருக்கும் மேலே, பிற்பகல் மூன்று மணிக்கே மூடுபனி வாசற்படி ஏறிவிடும் நானுஓயாவில் இருந்துகொண்டு, கெட்டி அட்டைத் தாளையும் இறப்பர் முத்திரைகளையும் வைத்துச் சிறு புகைப்பட அல்பங்கள் செய்யத் தொடங்கி எனக்கு ஏழு ஆண்டுகள் ஆகின்றன. 2018 டிசம்பரில் செய்த முதலாவதையும் சேர்த்து இதுவரை இருபத்துமூன்று அல்பங்கள் முடித்திருக்கிறேன். அவற்றுள் நான்கு முற்றாகப் பழுதாகிவிட்டன. ஏழெட்டு நான் நினைத்ததைவிட நன்றாகவே இருக்கின்றன. இந்தக் கைவேலைக்குச் செய்முறை விளக்கங்கள் குறைவில்லை என்றாலும், அவற்றில் பெரும்பாலானவை உலர்ந்த தேசங்களில், உலர்ந்த அறைகளில் இருப்பவர்கள் செய்து காட்டுபவை. அவர்களுக்கு முத்திரையின் அழகுதான் முதல் விடயம். எனக்கோ காற்றிலுள்ள ஈரம்தான் முதல் விடயம் என்பதைப் புரிந்துகொள்ளவே மூன்று ஆண்டுகள் பிடித்தன.

முதல் அல்பத்துக்கு ஏ4 அளவில் வெட்டி விற்கப்பட்ட, சதுர மீற்றருக்கு 300 கிராம் எடையுள்ள அட்டைத் தாள்களை வாங்கி, ஒவ்வொன்றையும் நடுவில் மடித்துப் பக்கங்களாக்கினேன். மடித்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாக வெடித்தது. அதற்கு மேல், ஜூன் மழை தொடங்கியதும் பக்கங்கள் கூரைத் தகரம்போல் நெளிந்து நின்றன. தாள் மட்டமானது என்று எண்ணிக் கடைக்காரரை மனத்துக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். உண்மையில் குற்றம் என்னுடையது. இயந்திரத்தில் செய்யப்படும் தாள் எதிலும் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிந்திருக்கும். அச்சகத்தார் இதைக் கிரெயின் என்பார்கள். நாரோட்டம் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். ஈரம் ஏறும்போது தாள் நாரோட்டத்தின் குறுக்கே பலமடங்கு அதிகமாக விரியும். நாரோட்டத்தின் வழியே மடித்தால் மடிப்பு சுத்தமாக விழும், குறுக்கே மடித்தால் நார்கள் முறியும். ஏ4 தாள்களில் நாரோட்டம் பெரும்பாலும் நீளவாக்கில்தான் இருக்கும் என்பதால், அதைப் பாதியாக மடிக்கிறவர் ஒவ்வொரு முறையும் நார்களை முறித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

அதன்பின் ஏ4 வாங்குவதை விட்டுவிட்டேன். பாடசாலைப் பிள்ளைகள் ஒப்படை செய்ய வாங்கும் பிரிஸ்டல் போர்ட்டைப் போல் பெரிய தாள்களாகவே வாங்கி, இரு திசைகளிலும் மெதுவாக வளைத்துப் பார்த்து, எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ அதற்கு ஏற்ப வெட்டுகிறேன். பக்கத்தின் அளவு 15 செ.மீ. அகலம், 21 செ.மீ. உயரம், மடிப்பு உயரவாக்கில் வரவேண்டும், நாரோட்டமும் அதே திசையில் ஓடவேண்டும். இந்த அளவில் சாதாரண ஆறங்குலம் நாலங்குலப் படம் ஒன்று நெரிசலில்லாமல் உட்காரும். ஒரே ஒரு தொல்லை, கடையில் பெரிய தாளைச் சுருட்டி இறப்பர் வளையம் போட்டுத் தருவதுதான். வளையம் இறுக்கிய இடத்தில் விழும் வடு, அம்மிக்கல்லை மேலே ஏற்றி ஒரு வாரம் வைத்தாலும் போகாது. அந்த ஓரத்தைக் கழித்தே கணக்குப் போடுகிறேன். மடிப்புக் கோடு போட மை தீர்ந்த குமிழ்முனைப் பேனா போதும். அதற்கென விற்கும் கருவி ஒன்றையும் வாங்கினேன், அது இப்போது மேசை லாச்சியில் தூங்குகிறது.

பக்கங்களை முதுகுடன் இணைக்கும் முறையைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். பக்கங்களை மட்டும் எண்ணி முதுகின் தடிப்பைக் கணக்கிட்டால், படங்கள் ஒட்டியபின் அல்பம் வாய் பிளந்த முதலையாகிவிடும். என் இரண்டாவது அல்பம் இன்றும் அப்படித்தான் இருக்கிறது. இப்போது விசிறிமடிப்பு மடித்த ஒரு பட்டியை முதுகில் ஒட்டி, எட்டுப் பக்கங்களை அதன் எட்டு மேடுகளில் மாட்டுகிறேன். பக்கங்களுக்கு நடுவே ஏழு, இரு ஓரங்களிலும் இரண்டு என ஒன்பது இடைவெளிகள். ஒவ்வொன்றும் 3 மில்லிமீற்றர் என்றால் முதுகு 27 மில்லிமீற்றர். மேலட்டை 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஸ்ட்ரோபோர்ட். அதன் வெளிப்புறத்தில் பழைய நூல்சேலைத் துணியை ஒட்டினால் உட்புறத்திலும் அதே நாளில் தாள் ஒட்டிவிட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டிவிட்டுப் படுக்கப் போனால் காலையில் அட்டை கிண்ணமாக வளைந்திருக்கும்.

பசை விடயத்தில்தான் அதிகம் பணம் கொட்டினேன். வேலை சுத்தமாக இருக்கிறது என்று முதல் ஐந்து அல்பங்களுக்கும் இரட்டைப்பக்க ஒட்டுநாடாவையே பயன்படுத்தினேன். இரண்டு மழைக்காலம் கழிந்ததும் நாடா தன் பசையை ஒரு தாளிலேயே விட்டுவிட்டு மற்றத் தாளிலிருந்து உரிந்து வந்தது. உரிந்த பசையில் தூசு படிந்து கறுத்தது. கோதுமை மாவில் கூழ் காய்ச்சி ஒட்டியும் பார்த்தேன். ஒட்டு என்னவோ அருமையாகப் பிடித்தது, ஆனால் மாப்பசை இராமபாணப் பூச்சிக்கு வைத்த விருந்து. மயில்துத்தம் கலந்தால் பூச்சி வராது என்று புத்தகம் கட்டிப் பழகிய பெரியவர் ஒருவர் சொன்னார். படங்களுக்கு அருகே அதை வைக்க எனக்குத் துணிவு வரவில்லை. கடைசியில் வெள்ளைநிறப் பி.வி.ஏ. பசையில் நிலைகொண்டேன், ஆனால் அதற்கும் ஒரு குணம் உண்டு. மேற்குச் சரிவிலிருக்கும் எங்களுக்கு ஈரம் குறைந்த மாதங்கள் ஜனவரி முதல் மார்ச் வரைதான். அதே மாதங்களில்தான் இரவில் குளிர் கடுமையாகி, நுவரெலியாப் பக்கம் புல்லில் உறைபனியும் விழுகிறது. பி.வி.ஏ. பசை கடுங்குளிரில் படலமாக இறுகாது. சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறிக் காய்ந்து, விரலால் சுரண்டினால் உதிரும். ஆகவே ஒட்டும் வேலை எல்லாம் ஜனவரி, பெப்ரவரியில், அதுவும் காலை பத்து மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் இடையில்தான். ஒட்டியதும் இரு பக்கமும் எண்ணெய்த்தாள் வைத்து, துணியில் சுற்றிய அம்மிக்கல்லை மேலே ஏற்றிவிட்டால் மறுநாள் மதியம் வரை தொடக்கூடாது. அந்த ஒரு நாள் சம்பல் அரைக்க மிக்ஸிதான். அதற்கு வீட்டில் கிடைக்கும் பேச்சைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

இனி முத்திரைகள். ஒளிபுகும் பிளாஸ்ரிக் போன்ற முத்திரைகள் மலிவு, எங்கே பதிகிறது என்பது கண்ணுக்குத் தெரியும், கற்றுக்கொள்பவர்களுக்கு வசதி. நான் வாங்கிய மூன்று தொகுதிகளுள் இரண்டு நான்கு ஆண்டுகளில் மஞ்சளாகி, ஒன்று பிசுபிசுத்துத் தன் உறையோடு ஒட்டிக்கொண்டது. அதே காலத்தில் வாங்கிய சிவப்பு இறப்பர் முத்திரைகளில் ஒரு கோடுகூட மழுங்கவில்லை. வெயிலிலும் எண்ணெயிலும் படாமல் வைத்து, வேலை முடிந்ததும் தண்ணீர்த் துணியால் துடைத்தால் போதும். தின்னர் பக்கமே கொண்டுபோகக்கூடாது. இறப்பர் நாற்றுகள் 1876இல் இலண்டனின் கியூ தோட்டத்திலிருந்து கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடத் தாவரவியல் தோட்டத்துக்கு வந்து, பின்னர் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பக்கங்களில் தோட்டங்களாகப் பரவிய கதையைப் பாடசாலையில் படித்திருக்கிறோம். இந்த நாட்டில் இவ்வளவு இறப்பர் விளைந்தும், பூவும் இலையும் செதுக்கிய ஒரு நல்ல முத்திரைக்கு நான் வெளிநாட்டுப் பொதியை எதிர்பார்த்துக் காத்திருந்தது வேடிக்கைதான்.

தமிழ் எழுத்துக்கு அந்தப் பொதியிலும் வழியில்லை. ஆங்கில எழுத்துத் தொகுதியில் இருபத்தாறு துண்டுகள் இருந்தால் எதையும் எழுதிவிடலாம். தமிழில் ஆ, எ, ஏ, ஐ ஓசைகளின் குறிகளைத் தனித் துண்டாகச் செய்யலாம். ஆனால் கி, கீ வரிசையில் விசிறிக் குறி எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது, கு, கூ வரிசையில் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக உருமாறுகிறது. புள்ளி வைத்த பதினெட்டையும் சேர்த்து, ஔவை ஒ, ள என இரண்டாக உடைத்துச் சிக்கனப்படுத்தினாலும், கிரந்த எழுத்து ஒன்றுகூட இல்லாமலே 124 துண்டுகள் வருகின்றன. ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு அந்த ஆசையைக் கைவிட்டேன். அதற்குப் பதிலாக, அலுவலக முத்திரை செய்யும் கடையில் முழுச் சொற்களையே வெட்டுவித்தேன்: அப்பாயி (அப்பாவின் அம்மா), அம்மாயி (அம்மாவின் அம்மா), பெரியம்மா, மாமா வீடு, கொழுந்து மலை, தேர்த் திருவிழா, பழைய லயம் (தோட்டத்து வரிசை வீடு). முதல் தடவை கடைக்காரர் 'அப்பாயி'யை 'அப்பாய்' என்று வெட்டித் தந்து, அதுதான் சரி என்றும் வாதாடினார். இரண்டாம் தடவை தானே மை ஊறும் வகையில் செய்து தந்தார்; அந்த மையில் எண்ணெய் இருந்திருக்க வேண்டும், ஆறு மாதத்தில் ஒவ்வொரு சொல்லைச் சுற்றியும் மஞ்சள் நிழல் படர்ந்தது. கைப்பிடியும் மையும் வேண்டாம், வெட்டிய இறப்பர் மட்டும் போதும் என்று கேட்டு வாங்கி, பழைய றப்பர் செருப்பின் அடியில் வெட்டிய துண்டில் ஒட்டிப் பயன்படுத்துவதே சரியான வழி என்பது மூன்றாம் தடவையில்தான் தெரிந்தது. செருப்பின் மெத்துத்தன்மையால் எழுத்து எங்கும் சீராகப் பதிகிறது.

மையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வதானால், சாய மை உடனே காயும், வெளிச்சத்தில் மங்கும். நிறமி மை நிற்கும், ஆனால் காயாது. காயாது என்பது மிகைப்படுத்தல் அல்ல: 2021 ஜூலையில் காலையில் பதித்த சொல் இரவு விரலில் ஒட்டியது. ஈர மையின் மேல், சூட்டில் உருகும் தூளைத் தூவிச் சூடாக்கி மேடாக உருக்கினால் இந்தச் சிக்கல் தீரும். முடி உலர்த்தி இதற்கு உதவாது, அது தூளை ஊதிவிடும். சூட்டுத் துப்பாக்கி வேண்டும். 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்டபோது, அப்பாயியின் கரி இஸ்திரிப்பெட்டியைத் துடைத்தெடுத்து, மூடியைச் சாத்தி, அதற்கு மேலே தாளை ஒரு சாண் உயரத்தில் இடுக்கியால் பிடித்துக்கொண்டு நின்றேன். மங்கலாக இருந்த தூள் ஒரு மூலையிலிருந்து பளபளத்துக்கொண்டே மறு மூலைக்கு ஓடியது. இரண்டு பக்கங்களில் சாம்பல் புள்ளி விழுந்ததைத் தவிர வேலை பழுதில்லை. அந்த வருடம் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. பிரிஸ்டல் போர்ட் கிடைத்த விலைக்கு அல்பம் செய்வது ஆடம்பரமாகத் தோன்றியதால், அவ்வாண்டு நான் முடித்தது ஒன்றே ஒன்று.

அந்த ஒன்று தமிழ்நாட்டின் நீலகிரியிலுள்ள கோத்தகிரியில் இருக்கிறது. மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்த 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி போனவர்களில் என் அப்பாயியின் தம்பிமார் இருவரும் அடங்குவர். போனவர்கள் நீலகிரியில் மீண்டும் தேயிலைக்கே போனார்கள். கப்பலேறுவதற்கு முன் எடுத்த கடவுச்சீட்டுப் படங்களும், ஓரம் அலையாக வெட்டிய கறுப்பு வெள்ளைப் படங்கள் சிலவும் எங்களிடம் இருந்தன. அவற்றைப் பிரதி எடுத்து இங்கே வைத்துக்கொண்டு, அசலை அவர்களின் பிள்ளைகளுக்கு அனுப்ப வேண்டும் என்று அப்பா சொன்னார். அசல் படத்தில் பசை படக்கூடாது. தாளில் முக்கோணமாக மடித்த மூலைப்பிடிகளில் செருகினேன். முத்திரைச் சொற்களை எதிர்ப்பக்கத்தில் பதிக்காமல் தனிச் சீட்டில் பதித்து, பக்கத்தின் பைக்குள் வைத்தேன். தாள் வாங்கும்போது அமிலமற்றது என்ற சொல்லோடு நில்லாமல், படங்களைப் பாதிக்காது என்று ஐ.எஸ்.ஓ. 18916 சோதனையில் தேறியதா என்று பார்க்க வேண்டும் என்பதை இந்த அல்பத்துக்காகத்தான் தேடிக் கற்றேன். அப்படிப்பட்ட தாள் இங்கே எளிதில் அகப்படாது. எட்டுத் தாளை எட்டு மாதம் காத்திருந்து வாங்கினேன்.

பாதுகாப்பு விடயத்தில் இன்னும் முழுத் திருப்தி இல்லை. சாரீரப்பதன், அதாவது காற்றின் ஈரப்பத அளவு, 70 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சணம் பிடிக்கும். என் சுவரிலுள்ள சிறு மானி ஜூலையில் 88 காட்டுகிறது. பழுதான நான்கில் இரண்டு, வெளிச்சுவரோடு ஒட்டிய அலுமாரியின் அடித்தட்டில் இருந்தவை. இப்போது இறப்பர் விளிம்புள்ள பிளாஸ்ரிக் பெட்டியில், ஈரத்தை உறிஞ்சும் செம்மஞ்சள் நிறச் சிலிக்கா மணிகளோடு, அடுப்படிக்கு அடுத்த உட்சுவர்ப் பக்கம் வைக்கிறேன். மணிகள் பச்சையானதும் இதற்கென ஒதுக்கிய பழைய தாச்சியில் இளஞ்சூட்டில் வறுத்தால் மீண்டும் செம்மஞ்சளாகும். மழைக்காலத்தில் இதை மூன்று வாரத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டியிருக்கிறது, சில வேளை மறந்தும் போகிறது.

சென்ற பெப்ரவரியில் கோத்தகிரியிலிருந்து மாமா முறையான ஒருவர் அல்பத்தைக் கைப்பேசியில் படம்பிடித்து அனுப்பினார். பக்கங்கள் நெளியவில்லை, மேடெழுத்துகள் உதிரவில்லை. ஆறாம் பக்கத்துப் பையின் கீழ்மூலை மட்டும் பிரிந்திருந்தது. பெரிதாக்கிப் பார்த்தபோது, பசை போடப் பொறுமையில்லாமல் மீந்திருந்த பழைய ஒட்டுநாடாவை நான் செருகிய இடம் அதுதான் என்பது தெரிந்தது. அங்கும் குளிர்தானே, வெயில் ஏறியபின் துளி வெள்ளைப் பசை வைத்து, மேலே அம்மிக்கல்லை ஏற்றச் சொல்லிப் பதில் அனுப்பினேன்.